ரெண்டு தேதி சொல்லுத ஸ்டேஷன்

காதுல மாட்டியிருக்கதக் கொஞ்சம் கழட்டுதீயளா தம்பி? ஒண்ணுமில்ல, உங்க முழங்கை என் பையில இடிக்கி. உள்ள ரேடியோ இருக்கு. ஆமா, ரேடியோதான். ஏன் சிரிக்கீய? உங்க போன்ல வாரதுக்குப் பேரு ரேடியோ இல்ல, அது குழாய்த்தண்ணி. நான் சொல்லுதது வானத்துல இருந்து வாரது.

எங்க, திருச்செந்தூரா? நான் ஆறுமுகநேரில எறங்கிருவேன். இப்பதான் முள்ளக்காடே தாண்டுது. பொங்கல் கூட்டம், ஓட்டுதவனும் மாட்டுவண்டி மாதிரி உருட்டுதான். நேரம் கெடக்கு. கேளுங்க.

சிற்றலைன்னு கேள்விப்பட்டிருக்கீயளா? ஷார்ட் வேவ். பத்தாயிரம் மைலுக்கு அங்குட்டு ஒருத்தன் பேசுனா இங்க தூத்துக்குடில என் மொட்டமாடி ஏரியல் கம்பில வந்து விழும். அதுல அரசாங்க ஸ்டேஷன், சர்ச்சு ஸ்டேஷன்லாம் உண்டு. அத எவன் வேணாலும் கேப்பான். நான் கேக்கது லைசென்ஸ் இல்லாத ஸ்டேஷன். ஒருத்தன் மாட்டுக்கொட்டகையில மெஷின் வச்சிருப்பான். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுட்டு ஓடிருவான். இன்னொருத்தி வெறும் நம்பரா வாசிப்பா, யாருக்கு வாசிக்கான்னு தெரியாது. ஒண்ணு மாசக்கணக்குல பீம் பீம்னு ஒரே சத்தம். அதையெல்லாம் தேடிப் பிடிச்சு, கேட்டு, நோட்டுல எழுதுததுதான் நம்ம வேலை. முப்பத்தோரு வருசமா. டெலிபோன் ஆபீஸ்ல சம்பளத்துக்கு வேலை பாத்தேன், இது சும்மா பாக்கேன்.

என் வீட்டுக்காரி பேரு பிரம்மசக்தி. 'கொத்தமல்லி வாங்கச் சொன்னா மறந்துட்டு வாராரு, அந்த பீம் பீமுக்கு மட்டும் ஒரு நாள் தவற மாட்டாரு'ம்பா. அவளுக்கு என்ன தெரியும்?

கேட்டா மட்டும் போதாது தம்பி. கேட்டேன்னு அந்த ஸ்டேஷனுக்கே ரிப்போர்ட்டு எழுதணும். என்ன தேதி, என்ன மணி, என்ன பாட்டு, நடுவுல என்ன பேசுனான், சத்தம் எப்படி. சத்தத்துக்கு அஞ்சு விதமா மார்க் போடணும். அஞ்சுன்னா பிரமாதம், ஒண்ணுன்னா நாசம். அவன் தன் குறிப்போட ஒத்துப் பாத்து, சரியா இருந்தா ஒரு அட்டை அனுப்புவான். 'நீ கேட்டது நெசம்'னு. அந்த அட்டைதான் எங்களுக்குப் பட்டம், பதவி எல்லாம். உங்க ஆளுங்க லைக்கு வாங்குதானுவள்லா, அது மாதிரி இல்ல. இது உழைச்சு வாங்குதது.

இன்னொண்ணு. உலகம் பூரா ரேடியோக்காரனுக்கு ஒரே நேரம்தான், உலகப் பொது நேரம். நம்ம நேரத்துல அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சா அது வந்திரும். சின்னப்பிள்ளைக் கணக்கு. எங்க கழகத்துல சேருதவனுக்கு முத நாள் நான் சொல்லிக் குடுக்குத பாடமே அதுதான்.

ஆமா, கழகம் இருக்கு. தூத்துக்குடி சிற்றலை நேயர் கழகம். நான்தான் தலைவர், ஆரம்பிச்ச நாள்ல இருந்து. தேர்தல்லாம் கிடையாது, தகுதி பாத்துத்தான். சிவனணைந்த பெருமாள்னு எங்க கேட்டாலும் சொல்லுவாவ. எங்கன்னா, இந்த வட்டாரத்துல. அஞ்சு பேரு இருந்தோம். மாசத்துல முத ஞாயித்துக்கிழமை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடில கூடுவோம்.

அந்த அஞ்சு பேருல ஒருத்தன்தான் ஞானதிரவியம். ஆறுமுகநேரிக்காரன். தண்ணி மோட்டாருக்கு காயில் கட்டுதவன். வேற படிப்பு கிடையாது. பேச்சும் அப்படித்தான், அவன் ஒரு வாக்கியம் பேசி முடிக்கதுக்குள்ள ஒரு மோட்டாருக்குக் காயில் சுத்தி முடிச்சிரலாம். என்னய அண்ணாச்சி அண்ணாச்சிம்பான். பதினாறு வருசம். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டு வருவான். நாந்தான் அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன், கம்பி எத்தன அடி, எந்தத் திசை, எல்லாம். குடுத்தும் என்ன? நோட்டுல உலக நேரம் எழுத மாட்டான். 'நாம நம்ம ஊர்லதான அண்ணாச்சி உக்காந்து கேக்கோம்'னு நம்ம மணியிலயே எழுதுவான். இத நல்லா ஞாபகம் வச்சிக்கிடுங்க. எல்லாத்துக்கும் காரணம் இதுதான்.

ஐரோப்பாவுல 'வெள்ளை முயல்'னு ஒரு திருட்டு ஸ்டேஷன். பத்து வாட்டு. நம்ம வீட்டு பல்பு அளவுதான். அத இந்தியாவுல எவனும் பிடிச்சதில்ல. நான் பதினோரு வருசம் காத்துக் கெடந்தேன் தம்பி. பதினோரு வருசம். போன ஜூலைக் கூட்டத்துல திரவியம் சட்டப்பையில இருந்து ஒரு அட்டைய எடுத்து மேசை மேல வைக்கான். முயல் படம். கீழ பேனாவுல எழுதியிருக்கு, மார்ச் பதினாலு, இருபத்து மூணு மணி இருபது நிமிசம்.

ஒரு காயில் கட்டுதவன். மோட்டார் ஷெட்டு மேல கோணல்மாணலா ஒரு கம்பி. அதுல வந்து முயல் உக்காந்துதாம்!

நான் எதையும் ஆதாரம் இல்லாம ஏத்துக்கிட மாட்டேன். 'உம்ம நோட்ட எடும் வே'ன்னேன். எடுத்தான். நோட்டுல என்ன எழுதியிருக்கு? மார்ச் பதினஞ்சு, காலை நாலு அம்பது. பாத்தீயளா? அட்டையில பதினாலு. நோட்டுல பதினஞ்சு.

'என்ன வே திரவியம், நீரு கேட்டது பதினஞ்சாந்தேதி, அவன் அட்டை எழுதுனது பதினாலாந்தேதிக்கு. நீரு கேக்கதுக்கு முந்துன நாளே அவனுக்குத் தெரிஞ்சு போச்சோ? எந்த அச்சாபீஸ்ல வே அடிச்சீரு?'ன்னேன். மத்த மூணு பேரும் சிரிச்சானுவ. சிரிச்சானுவளோ இருமுனானுவளோ, சத்தம் வந்துது.

அவன் அட்டைய என் பக்கமாத் திருப்பி வச்சான். பொறவு, 'அண்ணாச்சி, மணியக் கழிச்சிப் பாருங்க'ன்னான். அவ்வளவுதான்.

'எனக்கே கணக்கு சொல்லித் தாரீரா?'ன்னு கேட்டேன். பின்ன? தலைவர்ட்ட பேசுத பேச்சா அது? ரிஜிஸ்டர எடுத்தேன். இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. சிவப்புப் பேனாவால அவன் பேரு மேல ஒரே கோடு. பக்கத்துல 'போலி அட்டை'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவன் அட்டையச் சட்டப்பையில வச்சிக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான். மிட்டாய்ப் பொட்டலத்த மேசையிலயே விட்டுட்டான். நாங்க நாலு பேரும் தின்னோம். எதுக்கு வீணாக்கணும்?

என்ன, போன எடுத்து என்ன தட்டுதீய? கணக்கா? அத வைங்க உள்ள. நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போது கணக்குப் பாக்காதீய. அதெல்லாம் அப்புறம்.

பழையகாயலா இது? பழையகாயல்தான்.

அதுக்கப்புறம் மத்த மூணு பேரும் கூட்டத்துக்கு வாரதில்ல. ஒருத்தனுக்கு முட்டு வலியாம், ஒருத்தனுக்குப் பேரப்பிள்ளையாம், ஒருத்தன் காரணம்கூடச் சொல்லல. தனியா வாட்ஸாப்ல ஏதோ குரூப்பு வச்சிருக்கானுவளாம். வச்சிக்கிடட்டும். இப்ப கழகத்துல நான் ஒருத்தன்தான். சண்டை சச்சரவு கிடையாது. தீர்மானம் எல்லாம் ஏகமனதா நிறைவேறுது.

சரி, விசயத்துக்கு வாரேன். அக்டோபர் எட்டாந்தேதி. விடியக்காலைல வழக்கம்போல திருகிக்கிட்டு இருக்கேன். நாலு அம்பதுக்கு ஒரு புது ஸ்டேஷன். மொதல்ல உர்ர்னு ஒரு இரைச்சல், மோட்டார் ஓடுத மாதிரி. பொறவு கிளாரினெட்டு. டேப்பு தேஞ்சு போயி, ஆட்டுக்குட்டி கத்துத மாதிரி இருக்கு. பொறவு ஒரு ஆம்பள குரலு, வானொலித் தமிழ்ல, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைக்கான். 'இது உப்புக்காற்று. நேரம், உலகப் பொது நேரப்படி இருபத்து மூன்று மணி இருபது நிமிடம். தேதி ஏழு. இந்திய நேரப்படி அதிகாலை நான்கு மணி ஐம்பது நிமிடம். தேதி எட்டு.'

மறுபடியும் ஒரு தடவ, அதே மாதிரி. ரெண்டு தேதியையும்.

'நேயர் அறிக்கைகள் வரவேற்கப்படுகின்றன. முதல் அறிக்கைக்கு முதல் எண் அட்டை. முகவரி, தங்களுக்குத் தெரியும்.' அவ்வளவுதான். ஏழு நிமிசம். ஆளு போயிட்டான்.

எனக்கு மொத வார்த்தையிலயே தெரிஞ்சிட்டு, யாருன்னு. அந்த வேகத்துல உலகத்துல வேற எவன் பேசுவான்? ஆறுமுகநேரில இருந்து எங்க வீடு வரைக்கும் பூரா உப்பளம். உப்புத்தரை மேல அலை நல்லா ஊர்ந்து வரும். என் வீட்டுக் கம்பி எந்தத் திசையில நிக்கின்னு அவனுக்குத் தெரியும். கட்டும்போது மறுமுனையப் பிடிச்சதே அவன்தான்.

திமிரப் பாத்தீயளா? உலகத்துல எவனாவது ரெண்டு தேதி சொல்லுவானா? ஒரு ஸ்டேஷன்னா ஒரு தேதி. இவன் நாள் தவறாம ரெண்டு தேதி. அதுவும் நிறுத்தி, நிதானமா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி. யாருக்குச் சொல்லுதான்? எதுக்குச் சொல்லுதான்?

நான் ஒரு கார்டு எழுதிப் போட்டா போதும், அரசாங்கத்துல இருந்து வந்து மெஷினோட தூக்கிட்டுப் போயிருவாவ. லைசென்ஸ் இல்லாம ஒலிபரப்புதது குத்தம். போட்டேனா? போடல. திருட்டு ஸ்டேஷன் எங்க இருக்குன்னு தெரிஞ்சாலும் வெளிய சொல்லக்கூடாது, அது எங்க ஆளுங்க மொறை. அந்த மொறைக்காகத்தான் சும்மா இருந்தேன். அவனுக்காக இல்ல.

கேட்டேன். தினமும் கேட்டேன். எண்பத்தேழு நாளு. ஒரு நாள் தவறல. ஐப்பசி மழையில கரண்டு இல்லாத அன்னைக்கும் பேட்டரி போட்டுக் கேட்டேன். ஏன்னா குத்தம் எழுதணும்லா. இந்தா பாருங்க நோட்டு. 'அலைவரிசை நகருது.' 'இரைச்சல் குறையல.' 'கிளாரினெட்டு சகிக்கல.' மார்க்கு? மூணுக்கு மேல போட்டதே இல்ல. மார்கழி பொறந்ததும் தெருக்கோயில் மைக் செட்டு வேற. அந்தச் சத்தத்துக்கு நடுவுல காத ஒட்டி வச்சிக் கேட்டேன்.

ரிப்போர்ட்டு அனுப்புனேனான்னு கேக்கீயளா? எதுக்கு அனுப்பணும்? மொத ரிப்போர்ட்டு நான் அனுப்புனா என்ன அர்த்தம்? அவன் சொன்ன ரெண்டு தேதியும் சரின்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். அதுக்குத்தான அவன் வலை விரிச்சிருக்கான். நான் விழுவனா? டிசம்பர்ல ஒரு நாள், 'முதல் அட்டை இன்னும் இங்கேயே இருக்கிறது'ன்னான். இருக்கட்டும்னேன். பிரம்மசக்தி வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்தவ, 'அந்த அண்ணன் குரல் மாதிரில்லா இருக்கு'ன்னா. 'உனக்கு எல்லாம் அந்த அண்ணன்தான்'னு சொல்லி வாய அடைச்சேன்.

ஜனவரி மூணாந்தேதி ஸ்டேஷன் வரல.

நாலாந்தேதியும் வரல. டிரான்சிஸ்டர் எரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். சூடு தணிக்கத் தகடு வைக்கணும் தம்பி, நான் நூறு தடவ சொல்லியிருக்கேன். காயில் கட்டுதவன் கேப்பானா? அஞ்சு, ஆறு, ஏழு. ஒண்ணுமில்ல. எனக்கு நிம்மதிதான். நிம்மதியாத்தான் இருந்துது. ஆனாலும் நாலு அம்பதுக்கு அங்கதான் திருப்பி வச்சிருந்தேன். ஒம்பது நாளும் வெறும் இரைச்சலக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன்.

முக்காணி. பாலத்துல ஏறுனா ஆத்துக் காத்து அடிக்கும், அந்தக் கண்ணாடிய இழுத்து விடுங்க.

நேத்து காலைல, பன்னெண்டாந்தேதி, வந்துது. நாலு அம்பத்தி மூணுக்கு, மூணு நிமிசம் தாமதமா. கிளாரினெட்டு இல்ல. ஒரு பொம்பளப்பிள்ள குரலு. அவன் மக ஜெபசெல்வி, பால்வாடில டீச்சரா இருக்கா. 'வணக்கம்... இது உப்புக்காத்து. எங்கப்பாவுக்குக் கையும் வாயும் இழுத்துக்கிட்டு. பேச்சு வரல. முந்தாநாள்தான் ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்தோம். வந்ததுல இருந்து இந்த மெஷினையே காட்டிக் காட்டி அழுதாங்க. அதான் நான் பேசுதேன். யாரு கேக்கீங்கன்னு தெரியல.'

பொறவு அவ அப்பன் சொல்லுத மாதிரி சொல்லிப் பாத்தா. 'உலகப் பொது நேரம் இருபத்து மூணு இருபது. தேதி பன்னெண்டு.' அப்ப பின்னாடி டொக் டொக்குன்னு ஒரு சத்தம். டம்ளரக் கட்டில் சட்டத்துல தட்டுத மாதிரி. 'இந்திய நேரம் நாலு அம்பது. தேதி பன்னெண்டு.' அதுக்குத் தட்டல. மறுபடியும் மொதல்ல இருந்து சொன்னா. 'உலகப் பொது நேரம், தேதி பன்னெண்டு'ன்னதும் டொக் டொக் டொக்.

'என்னப்பா? தண்ணியா?'ங்கா.

தண்ணியாம் தம்பி! தண்ணி! படிச்ச பிள்ள, டீச்சர் வேற. தேதி தப்புன்னு மனுசன் தட்டுதான். விடியக்காலை அஞ்சரை மணி ஆகுத வரைக்கும் உலக நேரத்துக்கு முந்தின நாளுதான், பன்னெண்டு இல்ல, பதினொண்ணுன்னு தட்டுதான். அவ தண்ணி குடுக்கா. அவன் தட்டுதான். அவ 'குடிங்கப்பா, குடிங்கப்பா'ங்கா. எல்லாம் என் ரேடியோவுல கேக்கு. நான் இங்க நாற்காலிய விட்டு எந்திரிச்சு நிக்கேன், 'பதினொண்ணு பிள்ள, பதினொண்ணு'ன்னு கத்துதேன். ரேடியோவப் பாத்து! முப்பத்தோரு வருசம் அனுபவம் எனக்கு, ரேடியோவுக்குள்ள கத்துனா கேக்காதுன்னு தெரியாதா? கத்துனேன். பிரம்மசக்தி கோலப்பொடிக் கையோட ஓடி வந்து நிக்கா.

'யாருங்க தட்டுதது?'ன்னா.

'திரவியம்.'

'அவரு என்னத்துக்குத் தட்டுதாரு?'

அவ என் மூஞ்சியப் பாத்துட்டு, 'போயிட்டு வாங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நேத்தே கெளம்பியிருப்பேன். ரிப்போர்ட்டு எழுதவே பொழுது போயிட்டு. எண்பத்தேழு நாளுக்கும் தனித்தனி ரிப்போர்ட்டு. கூட நேத்துள்ளது ஒண்ணு. நேத்தைக்கு மார்க்கு என்ன போட்டேன் தெரியுமா? அஞ்சு விதத்துக்கும் அஞ்சஞ்சு. அந்த மாதிரி மோசமான ஒலிபரப்ப என் சர்வீஸ்ல கேட்டதில்ல, அஞ்சு போட்டிருக்கேன். ஏன்னு கேக்காதீய.

நான் ஒண்ணும் அவன்ட்ட சமாதானம் பேசப் போகல. அந்தப் பிள்ளைக்கு மணியக் கழிக்கச் சொல்லிக் குடுக்கணும், அதுக்குத்தான் போறேன். வேற எவனாவது கேட்டா சிரிக்க மாட்டானா, ஒரே தேதிய ரெண்டு நேரத்துக்கும் சொல்லுதது? இது தெரியாம ஒருத்தர் ஸ்டேஷன் நடத்தலாமா?

என்ன பாக்கீய? அந்தப் போன எடுத்து அப்பமே கணக்குப் போட்டுட்டீயளா? சொல்லுங்க. மார்ச் பதினஞ்சு, காலை நாலு அம்பது. அஞ்சரையக் கழிச்சா?

...ம்.

பதினாலு. இருபத்து மூணு இருபது. ஆமா. அட்டையில இருந்தது அதுதான். இதுக்குப் போயி போனு வேணுமா உங்களுக்கு? எனக்கு வேண்டியதில்ல. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போயி அன்னைக்கு மத்தியானம் சாப்புட உக்காந்தேன். ரெண்டாவது வாய் சோத்த இலையிலயே வச்சிட்டு, விரல் விட்டுக் கழிச்சிப் பாத்தேன். அப்பமே தெரியும். ஜூலையில இருந்து எனக்குத் தெரியும். அவன் நோட்டுல உலக நேரத்த எழுதியிருந்தா இதெல்லாம் நடந்திருக்காதுல்லா? நான் சொன்னேன்ல, காரணம் அதுதான்னு? சொன்னேனா இல்லியா? பின்ன தப்பு யாரு மேல?

சரி, விடுங்க. என் மேலதான்.

ஆத்தூர் எப்ப தாண்டுச்சு? பேசிக்கிட்டே கவனிக்கல பாத்தீயளா. அடுத்தது ஆறுமுகநேரிதான். கண்டக்டர், ஒரு ஆளு எறக்கம்!

தம்பி, உங்க சட்டைப் பையில இருக்கது பேனாதான? கொஞ்சம் தாங்க. நீலமா? நல்லது. எங்கிட்ட இருக்கது சிவப்பு மட்டுந்தான். நேத்துள்ள ரிப்போர்ட்டுல கடேசிக் கட்டம் 'குறிப்பு'ன்னு இருக்கும், அத வெறுமையா விட்டிருக்கேன். ஆட்டாதீய, எழுதுதேன். 'மார்ச்... பதினாலு... சரி.' போதும்ல? இந்தா, எழுத்து தெரியுதா பாருங்க, பஸ்ஸு ஆட்டத்துல கோணிப் போயிட்டு. தெரியுதா? அவனுக்குக் கண்ணு தெரியுமோ என்னமோ. தெரியலன்னா நாந்தான் சத்தமா வாசிக்கணும். மகளும் பக்கத்துல இருப்பா. இருக்கட்டும், அவளும் கேக்கட்டும். அப்பமாவது தண்ணி குடுக்குதத நிப்பாட்டுவா.

வழி விடுங்கம்மா, எறங்கணும், கால எடுங்க. என்ன தம்பி, பேனாவா? அத நான் திருப்பித் தாரதா இல்ல. ரிஜிஸ்டர்ல ஒரு பேர மறுபடி எழுத வேண்டியிருக்கு, சிவப்புல எழுதக்கூடாது. இது என்ன பேனா, பிளாஸ்டிக்குல, பிடிச்சா வழுக்குது. ஒரு பேரு எழுதுத வரைக்குமாவது எழுதுமா இது?